லுஹருக்கும் அசருக்கும் நடுவே கோதுமை

என் மதினியும் நானும் ஒரே கூரையின் கீழ் பதினொரு வருடம் வாழ்ந்தோம். அந்தப் பதினொரு வருடமும் நான் அதிகமாகப் பேசியது அடுப்படி வாசலில் தொங்கிய பச்சைத் திரைச்சீலையுடன். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மனைவியின் ராத்தா, அதாவது அக்காவான அவர். மார்க்கம், மரியாதை, கூச்சம் மூன்றும் ஒன்றுகூடித் தொங்கவிட்ட திரை அது. ஒருவருடைய முகத்தைப் பார்க்காமலேயே அவரிடம் நாள்தோறும் தோற்க முடியும் என்பதை அங்கேதான் கற்றேன்.

இலங்கையின் கிழக்கே, எங்கள் கல்முனைக் கரையில் ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. பெண்பிள்ளைக்குத்தான் வீடு கட்டுவார்கள். நாங்கள் ஒரு சூட்கேசுடன் போய் அதில் குடியேறுவோம். மூத்தவளுக்கு முதல் வீடு என்பது முறை. என் விஷயத்தில் மட்டும் முறை சற்றுச் சறுக்கிவிட்டது. மூத்தவர் கலியாணம் வேண்டாம் என்றதால், அவருக்கென்று கட்டிய வீட்டில் இளையவளின் கணவனாக நான் போய் இறங்கினேன். வரவேற்பறையும் குளிரூட்டிய அறையும் எனக்கு. பின்னால் இருந்த, மேற்குப் பார்த்து வேகும் சின்ன அறை அவருக்கு. இதைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தார். ஆனால் படிப்பிப்பது பாடசாலை மணியோடு முடிந்துவிடவில்லை என்பதே எங்கள் பிரச்சினை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரே ஒரு கேள்வி. உலகத்தில் யார் எதைச் சாதித்துவிட்டு வந்து சொன்னாலும், திரைக்கு அப்பாலிருந்து அது வரும்:

"மத்தது எங்க?"

சந்தையில் கருஞ்சீரக எண்ணெய் விற்ற ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, இதைப் பூசினால் மூன்று மாதத்தில் முடி வளரும் என்றார். சாட்சிக்குத் தன் தலையையே குனிந்து காட்டினார். மாமி, அதாவது மனைவியின் தாய், போத்தலை வாங்கக் கையை நீட்டிவிட்டார்.

"மத்தது எங்க?" என்றது திரை.

"எது ராத்தா?"

"பூசாத பக்கம். நீங்க பாதித் தலைக்குப் பூசி, பாதித் தலைய உட்டுப் பாத்திரிக்கணும். அப்பதானே எண்ணெய்க்கு வளர்ந்ததா, சும்மாவும் வளருமா எண்டு தெரியும்?"

பாதித் தலையோடு கல்முனைச் சந்தையில் நடப்பதைக் கற்பனை செய்து பார்த்தவர் போல அவர் போத்தல்களைப் பையில் திரும்ப அடுக்கினார். அதன் பிறகு எங்கள் வாசலில் விற்பனைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இந்த ஒரு நன்மையை மட்டும் நான் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒப்புக்கொள்வேன்.

வரிப்பத்தான்சேனையில் வயல் செய்யும் மாமா ஒருவர் புதுப் பசளை போட்டு விளைச்சல் அள்ளிவிட்டதாக மார்தட்டினார். அடுத்த போகத்தில் ஒரு துண்டு வயலுக்கு அதைப் போடாமல் விடும்படி மதினி அவரைச் சம்மதிக்க வைத்தார். அறுவடையில் இரண்டு துண்டும் ஒரே மாதிரிதான் விளைந்தன. பசளைக் கடைக்காரர் அதற்குப் பிறகு எனக்குச் சலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். எனக்கு! நான் செய்த குற்றம், அந்த வீட்டில் சோறு தின்றது.

மாமி ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு கடையின் கொறுக்காய்ப்புளியால்தான் தன் மீன்கறிக்கு ருசி என்று பெருமையடித்தார். விளைவு, ஒரு கிழமை முழுக்க இரண்டு சட்டியில் ஒரே மீன்கறி. எந்தச் சட்டி எது என்று எங்களுக்குச் சொல்லப்படாது. ருசித்துப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் மாமி அழுதுவிட்டார். "இந்தப் புள்ளைய நான் பெத்ததா, பரீட்சைத் திணைக்களம் பெத்ததா?" என்று கேட்டார்.

கலியாணம் வேண்டாம் என்று அவர் சொன்னதாக மேலே எழுதினேன். உண்மை அவ்வளவு எளிதல்ல. மருதமுனையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், "எங்கட மகன் கட்டாருக்குப் போனதிலரிந்து ஆளே மாறிட்டாரு, கோவம் எண்டுறதே இல்ல" என்று பூரித்தார். திரை அசைந்தது. "போகாட்டியும் வயசுக்குக் கோவம் குறைஞ்சிருக்குமே. அவரோட படிச்சவங்க, ஊரில நிண்டவங்க, இப்ப எப்பிடி?" அந்தத் தாய் தேத்தண்ணியை முழுசாகக் குடிக்காமலேயே எழும்பினார். இப்படி மூன்று வீட்டார் எழும்பிப் போனபின், அவர்களின் வாப்பா உயிரோடு இருக்கும்போதே இளையவளுக்காவது முடித்துவிடுவோம் என்று என்னைப் பிடித்தார்கள். என்னைப் பற்றி அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லையாம். ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது.

நான் அப்போதே சஞ்சிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள், என் கட்டுரையை வாசித்த பலர் வயிறு குலுங்கச் சிரித்ததாக மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன். திரைக்குக் கேட்கட்டும் என்றுதான்.

கேட்டது. "வாசிக்காதவங்க எத்தின பேர் சிரிச்ச மச்சான்?"

அடுத்த கட்டுரையைப் பற்றி மனைவியிடம் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன்.

இப்படிப்பட்டவர் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் பதிந்தபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். கேள்வியை அங்கே கொண்டுபோய்க் கொட்டட்டும் என்ற மகிழ்ச்சி. பாடசாலை விடுமுறைகளில் மலைநாட்டுக்கு பஸ் ஏறுவதும் இறங்குவதுமாகப் பல வருடம் போனது. அவர் எடுத்துக்கொண்ட பொருள்: குளிரில் பழகிய கோதுமைப் பயிர், நீண்ட நேரம் கடும் வெளிச்சத்தில் நின்றால் என்ன செய்யும்?

கோதுமையைக் கோதுமை மாவாக மட்டுமே அறிந்த ஊர் எங்களுடையது. ரொட்டியாக வரும், பராட்டாவாக வரும், இடியப்பமாகவும் வரும். "இதுக்குச் செடி இரிக்கா?" என்று மாமி கேட்டது அறியாமையால் என்று நான் சிரித்தேன். எனக்கும் அதே சந்தேகம் இருந்ததை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

பிறகு கொரோனா வந்து ஊரையே பூட்டியது. பல்கலைக்கழகம் மூடப்படுமுன் கடைசி பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். ஒரு கையில் குளிர்நாட்டுக் கோதுமை விதைப் பொதி. மறு கையில், துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெட்டி. பச்சைப்பிள்ளையோ என்று அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அது இலையின் நலம் பார்க்கும் கருவி. இலையில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டி அரை மணித்தியாலம் இருட்டில் வைத்து, பிறகு ஒரு மின்னல் அடித்தால் ஓர் எண் காட்டும். எண் கூட இருந்தால் இலை சுகம்; விழுந்தால், வெளிச்சம் இலையை அடித்துவிட்டது என்று அர்த்தம்.

அவருக்கு இருந்தது கடைசித் தவணை. அந்த வருடத்துக்குள் ஆய்வைக் கொடுக்காவிட்டால் பதிவு அற்றுப்போகும். அத்தனை வருட பஸ் பயணமும் போச்சு. பல்கலைக்கழகத்தில் குளிர் அறை பூட்டிக் கிடந்தது. ஆகவே குளிர் அறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் ஒருகாலத்தில் கல்முனையில் ஒரு கூல் ஸ்பொட் நடத்தினேன். மக்கள் அங்கே வந்து குளிர்ந்துவிட்டுப் போனார்கள். எதையும் குடித்த ஞாபகம் இல்லை. கடையை மூடியபோது மிஞ்சிய கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி, என் தோல்வியின் நினைவுச்சின்னமாகப் பின்வளவில் நின்றது. மதினி அதைத் துடைத்து, உள்ளே ஒரு சிறு விளக்கைக் கட்டி, முதலாவது தட்டுக் கோதுமையை வைத்தார். ஆறு கிழமை. செடிகள் குளிரில் நடுங்கி, குட்டையாக, தடித்த கரும்பச்சை இலைகளோடு நிலத்தோடு ஒட்டி வளர்ந்தன. சாய்ந்தமருது மீனவர்கள் ஐஸ்பெட்டியைப் பார்ப்பதுபோல மாமி கண்ணாடி வழியாக அதை எட்டிப் பார்த்து, "பிரேத அறையில மையத்த வெச்ச மாதிரி இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருடைய பழைய கேள்வி இருக்கிறதே, அது இப்போது அவரையே பிடித்துக்கொண்டது. குளிர் காணாத இன்னொரு தட்டு வேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் அது வெந்துபோகும். வீட்டில் ஏசி இருந்தது ஓர் அறையில் மட்டும்.

மனைவிதான் வந்து சொன்னாள். "ராத்தாக்கு ரூம் தேவையாம். நாம ஹோலுக்கு மாறுவம்."

"எத்தின நாளைக்கு?"

"ஒரு மாசம் மட்டில."

"கோதுமைக்கு ஏசி, எனக்கு ஃபேனா?"

"கோதுமை ஏதாவது செய்யிதே" என்றாள் மனைவி.

அது மதினியின் அறை என்பதை யாரும் சொல்லவில்லை. நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

குளிர் காணாத தட்டு ஏசியில் கிடுகிடுவென வளர்ந்தது. ஆறு கிழமையில் குளிர்ச்செடி எட்டிய உயரத்தைப் பத்துப் பன்னிரண்டு நாளில் பிடித்துவிட்டது. மென்மையான, வெளிர்பச்சையான, மாமியின் பாஷையில் 'நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்' போன்ற இலைகள். பிறகு குளிர்பெட்டித் தட்டையும் அதே அறைக்குக் கொண்டுவந்து, எங்கள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மேசையில் ஏசித் தட்டும் கால்மாட்டு மேசையில் குளிர்த் தட்டுமாக வைத்தார். விளையாட்டுக் கழகம் கடற்கரையில் கிரிக்கெட் ஆடக் கட்டும் பெரிய விளக்குகள் இரண்டு, அடைப்புக் காலத்தில் சும்மா கிடந்தன. அவற்றை இரவல் வாங்கித் தட்டுக்கு ஒன்றாகக் கம்பியில் தொங்கவிட்டார். பன்னிரண்டு நாள், இரவு பகலாக, ஒரு நிமிடமும் அணையாது. பதின்மூன்றாம் நாள் பல்கலைக்கழக வேன் வந்து கருவியை எடுத்துப் போகும். அதற்காக இன்னொரு மாணவர் காத்திருந்தார்.

"ஏன் ராத்தா, வெளிச்சம் கூடினாச் செடிக்கு நல்லம்தானே?" என்று மனைவி கேட்டது என் காதிலும் விழுந்தது.

"வெளிச்சம் அதுக்குச் சோறுதான். ஆனா கலியாண வீட்டில சேர்ந்து திங்கிற சஹன் சோறு மாதிரி யோசிச்சுப் பாரு. திண்டு முடியிறத்துக்குள்ள அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டே இரிந்தா? பழகாத ஆள் மூச்சுத் திணறிப் படுத்திரும். குளிர்ல பழகின செடி ஒரு பங்கத் தின்னும். மிச்சத்தச் சூடாக்கி வெளியால தள்ளிரும். அதுக்குத் தள்ளத் தெரியும் எண்டுதான் நான் நினைக்கிறன். நினைக்கிறது வேற, காணுறது வேற."

முதல் இரண்டு நாள் அவர் நினைத்தபடியே நடந்தது. ஏசித் தட்டின் எண் விழுந்தது. குளிர்த் தட்டின் எண் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. அவர் பிற்பகல் அசர் தொழுதுவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் கருவியைத் தூக்குவார். இரண்டாம் நாள் அளந்துவிட்டு வந்தபோது திரைக்கு அப்பால் ஏதோ ஒரு பைத்துப் பாட்டை முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் ஏசித் தட்டின் எண் ஏறியது.

நான்காம் நாள் இன்னும் ஏறியது. அதன் பிறகு இரண்டு தட்டும் அயலவர்கள் போல ஒரே எண்ணில் நின்றன. பைத்து நின்றுபோனது. கருவியைத் திரும்பத் திரும்பத் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் நாள் இரவு, அவர் தன் மேற்பார்வையாளருடன் தொலைபேசியில் கதைத்தது ஹோலுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இல்ல சேர். வித்தியாசம் இல்ல... ஓம், மத்தவங்க எல்லாரும் கண்டிரிக்காங்க, தெரியும். எனக்கு வரல்ல... இல்ல சேர், எப்பிடி எழுதுற? நான் கண்டத்தத்தானே எழுதலாம். பழகினதும் பழகாததும் ஒண்டுதான் எண்டு எழுதுறன்."

பிறகு, மிக மெதுவாக: "ஃபெயிலாக்கினா ஆக்கட்டும் சேர்."

நான் சோற்றுக் கையுடன் அப்படியே இருந்தேன். எனக்கு அந்தக் கணத்தில் ஒரு விஷயம் விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது.

ஜூன் மாதத்துக் கல்முனையை அறிந்தவர்கள் என்னை மன்னிப்பார்கள். அடைப்பு, வெளியே போக வழியில்லை, ஹோலில் ஃபேன் சூட்டைத்தான் கலக்கிக்கொண்டிருந்தது. நண்பகல் லுஹர் தொழுது, சோறு தின்று முடிந்தால் மதினி தன் வேகும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எண்களை எழுதுவார். வீட்டின் ஒரே ஏசி, தின்று முடித்த மனிதன் ஒருவனை விட்டுவிட்டு, புல்லுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நான் மெல்லக் கதவைத் திறந்து உள்ளே போனேன். என் கட்டில். என் தலையணை மட்டும் ஹோலில் இருந்தது, அதையும் கொண்டுபோனேன். தலைமாட்டு விளக்கு கண்ணைக் குத்தியது. ஆகவே நான் உடுத்தும் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை இரண்டாக மடித்து விளக்குக் கம்பியில் போட்டேன். அறையின் அந்தப் பாதி மஃரிப் நேரத்து அந்தி போல இருண்டது. செடிகளும் நானும் நன்றாகத் தூங்கினோம். பள்ளிவாசலில் அசருக்கு வாங்கு சொன்னதும் எழும்பி, சாரனை எடுத்து, வந்த வழியே போய்விடுவேன். அவர் தொழுது முடித்துக் கருவியுடன் வரும்போது இலைகள் தூங்கி எழுந்த முகத்துடன் இருக்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆறு நாளா? அல்லாஹ்வே! ராத்தாட எட்டு வருசத்துக்கு மேலயா நீங்க படுத்தீங்க?"

"இப்ப சென்னா என்ன ஆகும்?"

"செல்லாட்டி என்ன ஆகும் எண்டு முதல்ல யோசிங்க."

யோசித்தேன். சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினை. அவர் தன் நினைப்பைத் தானே பொய் என்று எழுதி, நேர்மையாகத் தோற்றுப்போவார். அந்த வேகும் அறையில் இருந்து அதை எழுதுவார். சொன்னால், இந்த ஊரில் எல்லாரையும் கேலி எழுதிப் பிழைக்கும் ஒருவன் இனித் தானே ஒரு கேலியாகப் பிழைக்க வேண்டிவரும்.

திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மதினி."

"ஓம் மச்சான்."

"அந்தத் தலைமாட்டுத் தட்டு... அதுட விளக்க நான் மறைச்ச."

மறுபக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"எப்ப?"

"மூணாம் நாளிலரிந்து. நான் அங்க படுத்த. பகல்ல."

நான் வசவை எதிர்பார்த்தேன். அழுகையை எதிர்பார்த்தேன். மாமியும் எதிர்பார்த்து, உமியரிசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரைக்கு அப்பால் ஒரு கொப்பி விரியும் சத்தம் கேட்டது.

"எத்தின மணிக்குப் போவீங்க?"

"லுஹர் தொழுது, சோறு திண்டு... ஒண்டரை மட்டில."

"மட்டில எண்டு எழுத ஏலாது. எழும்புற?"

"அசர் வாங்குக்கு."

"வாங்கு தொடங்கும்போதா, முடியும்போதா?"

"தொடங்கும்போது. ஒங்களுக்குப் பயத்துல."

"நல்லம்" என்றார். நல்லம் என்று சொன்னார்! "வாங்கு நேரம் பள்ளிக் கலண்டர்ல இரிக்கி. வெள்ளிக்கிழமை?"

"ஜும்ஆதான் இல்லயே. அண்டைக்கும் அப்பிடித்தான்."

"சாரன் ஒத்தையா, மடிச்சா?"

"ரெண்டா மடிச்ச."

"நனைஞ்சதா, காஞ்சதா?"

"மதினி, நான் படுக்கத்தான் போன, உடுப்புக் கழுவவா போன?"

"கழுவினதா, கழுவாததா எண்டு கேக்கல்லயே. அந்தச் சாரனத் தாங்க."

பத்து நிமிடத்தில் என் சாரன் விளக்கின் கீழே, ஒளி அளக்கும் கருவிக்கு மேலே கிடந்தது. மருதமுனை நெசவு எவ்வளவு நெருக்கம் என்பது அன்று விஞ்ஞானரீதியாக நிறுவப்பட்டது. அது கிட்டத்தட்ட எதையும் விடவில்லை.

"இன்னும் நாலு நாள் இரிக்கி" என்றார் திரும்பி வந்து. "ரெண்டு நாள் நீங்க அந்த ரூமுக்குள்ள போகப்படாது. மத்த ரெண்டு நாள் போகணும். கால்மாட்டுப் பக்கம் தலைய வெச்சுப் படுங்க. குளிர்த் தட்டுட விளக்க மறைங்க. அதே சாரன், அதே மடிப்பு, அதே நேரம்."

"நான் படுக்கணுமா? சாரன மட்டும் போட்டாப் போதாதா?"

"நீங்க மூச்சு உட்டதும் அந்த ரூம்ல இரிந்ததுதானே. ஒண்டையும் மாத்த ஏலாது."

முதல் இரண்டு நாள் நான் ஹோலில் வெந்தேன். ஏசித் தட்டின் எண் தடதடவென்று விழுந்தது; மூன்றாம் நாளே அந்த நிலைக்கு வந்திருக்க வேண்டியதுதான். பதினோராம் நாள் நான் கடமைக்குப் போனேன். மாமி வாசல் வரை வந்து வழியனுப்பினார். "மனே, புள்ளட படிப்பு. யோசிக்காமப் படு."

வாழ்க்கையில் அன்றுதான் எனக்குப் பகலில் தூக்கம் வரவில்லை. ஆறு நாள் திருட்டுத்தனமாக வந்து குவிந்த தூக்கம், அழைப்புக் கடிதம் கொடுத்ததும் ஓடிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடந்தேன். வெளியே மனைவி மாமியிடம், "குறட்டை கேக்குதில்லயே, எண் பிழைச்சிருமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

எண் பிழைக்கவில்லை. குளிர்த் தட்டுக்கு நான் படுத்ததும் ஒன்று, படுக்காததும் ஒன்று. அந்தக் குட்டைச் செடிகளுக்கு என் இரக்கமும் தேவையில்லை, என் சாரனும் தேவையில்லை. பழகாத தட்டுக்குத்தான் அந்த இருட்டு தேவைப்பட்டிருக்கிறது. நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய இருட்டு கிடைத்ததும், அடிபட்டு விழுந்த இலைகள் எழும்பி உட்கார்ந்திருக்கின்றன.

"அப்ப அது சாகல்ல" என்று மதினி மனைவியிடம் சொன்னார். குரலில் பைத்து திரும்ப வந்திருந்தது. "வெளிச்சம் அதை உடைச்சிப் போட்டிச்சி எண்டுதான் நான் எழுத இரிந்தன். உடையல்ல. தாங்க ஏலாம வேலைய நிப்பாட்டிக்கிட்டு இரிந்திரிக்கி. மச்சான் படுக்காட்டி எனக்கு இது தெரியாமலே பட்டம் கிடைச்சிரிக்கும்."

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மனைவி அப்படி எடுக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் வேன் வந்து கருவியை எடுத்துப் போனது. மேற்பார்வையாளர் ஒரு சுலப வழி சொன்னாராம்: முதல் இரண்டு நாளையும், நான் வெளியேற்றப்பட்ட இரண்டு நாளையும் மட்டும் எழுதிவிடுங்கள்; இடையில் நடந்ததை விட்டுவிடுங்கள்; யாருக்குத் தெரியும்? மதினி விடவில்லை. ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினார். 'வீட்டிலுள்ள ஒருவர்' எந்த நாள், எந்த நேரம், எத்தனை மடிப்பு என்று அட்டவணை போட்டார். மூன்று மாதத்தில் பரிசோதகர்களிடமிருந்து பதில் வந்தது. முடிவு முக்கியமானதாம். ஆனால் வீட்டிலுள்ள ஒருவர் தூங்கினார் என்பதை ஆய்வாளரே சொல்வது போதாது. தூங்கியவர் தன் கையால் எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கூற்று வேண்டும். கொடுக்க இரண்டு கிழமை. இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் செல்லாது. அது இல்லாமல் ஆய்வு பாதி.

மதினி என்னிடம் கேட்கவே இல்லை. மனைவிதான் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். "ராத்தா சென்னா, மச்சானுக்கு ஊரில பேர் இரிக்கி, வெக்கமா இரிக்கும், அடுத்த முற பாப்பம் எண்டு. அடுத்த முற இல்ல எண்டு ஒங்களுக்கும் தெரியும்."

எனக்குத் தெரிந்த ஒரே சமாதான நீதவான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். நான் எழுதுவதை எல்லாம் வாசிப்பவர். வாசித்ததை எல்லாம் தேத்தண்ணிக் கடையில் சொல்பவர். தாளைக் கண்ணாடி போட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து இன்னொருமுறை வாசித்தார்.

"தம்பி, இது புதுக் கட்டுரையா?"

"இல்ல ஹாஜியார். சத்தியக் கூற்று."

"பகல் படுத்ததுக்கா? பகல் தூக்கம் நபி காட்டின சுன்னத்து. அதுக்கு முத்திரை தேவல்லயே."

"மதினிட விளக்க மறைச்சுப் படுத்தன் ஹாஜியார். அவவுக்குத் தெரியாம."

வராந்தாவில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் காத்திருந்த நாலைந்து பேர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள்.

"சத்தமா வாசிங்க" என்றார் அவர். "ஒப்பம் வெக்கிற ஆள் வாசிக்கணும். அதுதான் முறை."

அப்படி ஒரு முறை இருக்கிறதோ இல்லையோ, வாசித்தேன். "நான், இங்கே கீழே ஒப்பமிடுபவர், ஆறு நாட்கள் தொடர்ச்சியாக, லுஹர் தொழுகைக்குப் பின், எனக்குச் சொந்தமில்லாத குளிரூட்டிய அறையில், அனுமதியின்றி உறங்கினேன் என்றும், இரட்டையாக மடித்த எனது கைத்தறிச் சாரனால்..." அதற்கு மேல் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. காணி உறுதிக்காரர் சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொண்டார். நீதவானுக்கு முத்திரை கோணலாக விழுந்தது.

மதினி தேறினார். இப்போது பனி விழும் ஒரு நாட்டில், நிஜமான கோதுமை வயல்களுக்குப் பக்கத்தில், நிஜமான குளிர் அறை ஒன்றில் வேலை செய்கிறார். அந்த ஆய்வு மலைநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் கறுப்பு அட்டையுடன் இருக்கிறது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், பின்னிணைப்பாக, கோணல் முத்திரையுடன் என் கையெழுத்து. இருபது வருடத்துக்கு மேலாக எழுதுகிறேன். ஒரு நூலகம் பத்திரப்படுத்தியது அந்த ஒரு பக்கத்தைத்தான். நின்றபடியே முழுவதையும் வாசித்தேன். மிகைப்படுத்தல் ஒரு வரியிலும் இல்லை.